ஃபிரீசர்ல உறைஞ்ச டொலுவீன்

உக்காருங்கன்னு நான் சொல்லல, நெடுமாறன் சார். நின்னுக்கிட்டே பேசுங்க. அந்தப் பழப்பைய செருப்புக்கிட்டயே வைங்க, உள்ள கொண்டாராதீங்க.

கையெழுத்தா? எல்லாம் படிச்சுப் பாத்துட்டேன். எங்க வீட்டுக்காரரு ஆதிமூலத்துக்கு வந்த நோவுக்கும் உங்க செருப்புக் கம்பெனிக்கும் சம்பந்தமில்லன்னு நான் எழுதித் தரணும், அதானே? எலும்புக்குள்ள ரத்தம் ஊறுறதே நின்னுபோச்சுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. வாராவாரம் ரத்தம் ஏத்தினாத்தான் அந்த மனுசன் எழுந்து உக்கார்றாரு. சம்பந்தமில்லையாம்ல!

கம்பெனியில பசை கழுவக் குடுத்த டிரம்முல டொலுவீன்னுதான் எழுதியிருந்துச்சா? எழுதியிருந்துச்சு, எனக்கும் கண்ணு இருக்கு. இந்த ரெட்டியார்பாளையத்துல பதினோரு வருசமா கெமிஸ்ட்ரி டியூசன் எடுக்குறேன். எங்கிட்டயே பேரச் சொல்லி ஏமாத்தலாம்னு வந்துட்டீங்க.

எங்க வீட்டுக்காரரு கை கழுவக் கம்பெனியிலேர்ந்து கொண்டாந்தது ஒரு பாட்டில்ல மிச்சம் கெடந்துச்சு. ஃபிரீசர்ல வச்சேன். கல்லு மாரி உறைஞ்சிடுச்சு. டொலுவீன் எந்த வீட்டு ஃபிரீசர்லயும் உறையாது சார், பென்சீன்தான் உறையும். அப்பவும் மனசு கேக்கல. பர்மாங்கனேட்டு ஊத்தி, சுடுதண்ணியில வச்சுச் சூடு பண்ணேன். டொலுவீனா இருந்தா அந்த ஊதா போயிருக்கணும். அரைநாளு ஆச்சு, போகவே இல்ல.

சிரிக்காதீங்க. ஒரு கார்பன்தானே வித்தியாசம்னா? ரெண்டுலயும் அதே ஆறு கார்பன் வளையம்தான். இது ஒத்தப் பிணைப்பு, இது ரெட்டைன்னு பிரிக்க முடியாது. எலெக்ட்ரான் ஆறு பேருக்கும் பொது. அதான் லேசுல அசையாது. டொலுவீன்ல அந்த வளையத்துக்கு வெளிய மீத்தைல்னு ஒரு கார்பன் தொங்கும். ஈரல் அதப் புடிச்சு மாத்தி மூத்திரத்துல அனுப்பிடும். டொலுவீனும் ஒண்ணும் பன்னீரு இல்ல, ஆனா இந்த அளவுக்குப் போகாது. பென்சீன்ல புடிக்க எதுவுமே கெடையாது. ஈரல் வளையத்துலயே கை வைக்கும். அதுல வர்ற விசம் நேரா எலும்புக்குள்ள போகும். இப்ப சிரிங்க.

என்னது? மூக்குல ஏறினது கொஞ்சம்தானா, ஃபேன் ஓடுச்சா? பசை போகணும்னு தெனம் வேலை முடிஞ்சு அதுலதானே எல்லாரும் கை கழுவுறாங்க! கண்ணால பாத்துக்கிட்டு நின்னவருதானே நீங்க? அவரு வீட்டுக்குக் கொண்டாந்து கழுவுனா அதுக்குக் கம்பெனி பொறுப்பில்லன்றீங்களா?

ஆமா, வீட்லயும்தான் கழுவுனாரு. முழங்கை வரைக்கும், மூணு வருசம். மொதல்ல பயந்தாரு. வாசனையே ஒரு மாரி இருக்கு தாமரை, மண்ணெண்ணெய்யே போதும்னாரு. அப்புறம் டிரம்மு லேபிள ஃபோன்ல படம் புடிச்சாந்து, நீ படிச்சவ, நீ பாத்துச் சொல்லுன்னு நீட்டுனாரு. டொலுவீன்தான், ஒண்ணும் பண்ணாது, நல்லாத் தேச்சுக் கழுவுங்கன்னு நான்தான் சொன்னேன். துணியில நனைச்சு நானே தேச்சும் விட்டிருக்கேன்.

அதையும் சேத்துத்தான் ஃபேக்டரி இன்ஸ்பெக்டருகிட்ட எழுதிக் குடுத்திருக்கேன். எங்க வீட்டுக்காரருகிட்டதான் இன்னும் சொல்லல. அது டொலுவீன்னே நெனச்சிட்டிருக்காரு.