நேரம் பார்க்கத் தெரிந்த கார்டு

— அக்கா, வயரெல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கேன். கேம் ஓடுது, அதோட பாட்டை வாசிக்கிற இசைப்பெட்டியில லைட் எரியுது. சத்தம் மட்டும் ஒரு பொட்டு வரல.

— எதுல எதை மாட்டின?

— கம்ப்யூட்டரோட அவுட்டைப் பெட்டியோட இன்-ல. சத்தியமா அவ்வளவு மக்கு இல்ல நான்.

— முப்பது வருஷத்து கம்ப்யூட்டருக்கு, சுரத்தைக் கடத்துற மிடி வயரை யூஎஸ்பில வாங்கிட்டு வந்து, அதைச் சொருக ஓட்டை தேடினவன்தானே, அதான் கேட்டேன்.

— சரி, அது தப்பு. இது ஜாய்ஸ்டிக் துளையில மாட்டுற வயர். எல்லா கேமுக்கும் ஆகும்னு கடைக்காரர் சொன்னாரு.

— பாதி கேமுக்கு ஆகும். உக்காரு, சொல்றேன். இந்தத் துளை தபால்காரர் மாதிரி. வந்த சுரத்தை அப்பவே அந்தப் பக்கம் கொடுத்துடும், வேற வேலை தெரியாது. உன் கேம் அதைவிடப் பழசு. 'இதை இத்தனை நேரம் கழிச்சு வாசி'ன்னு நேரக் கணக்கையும் சேர்த்து, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற மிடி கார்டு தலையில கட்டிட்டு, பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வரலேன்னா பாட்டையே விட்டுடும். நேரம் பார்க்கத் தெரிஞ்ச கார்டு வேணும்டா உனக்கு, இதுல முன்னாடி இருந்தது என்னைக்கோ செத்துப்போச்சு.

— மூணு நாளா பக்கத்துல நின்னு பார்த்தியே. முதல் நாளே சொல்லியிருக்கலாமே.

— பதினெட்டு வருஷம் கழிச்சு வந்தவன், வந்ததும் வராததுமா ஸ்க்ரூ கழட்ட உக்காந்துட்ட. நான் எங்க குறுக்க வர்றது?

— வேற என்ன பண்ணச் சொல்ற? 'அப்பா, அப்பா'ன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோச்சு. ஜன்னலையே பார்த்துட்டு உக்காந்திருக்காரு. அவரு என்னை மறந்துட்டாருன்னு நீதானே சொன்ன. எத்தனை ஞாயித்துக்கிழமை இந்த கேம்ல, இந்தப் பாட்டோட நானும் அவரும் கோட்டையைப் பிடிச்சிருப்போம். இதைக் கேட்டா சத்தியமா ஞாபகம் வரும்.

— நீங்க ரெண்டு பேரும் பிடிச்சீங்க. நான் கீபோர்டைத் தொட்டதுக்கு, உனக்கு என்ன புரியும்னு கையைத் தட்டிவிட்ட.

— சின்ன வயசுக்கா அது.

— உனக்கு. விடு. அந்த அலமாரியில நீல டப்பா இருக்கும், எடு.

— இது... அந்தக் கார்டா? வீட்டுலயே வெச்சிருந்தியா?

— என் ரிப்பேர் கடைக்கு வந்த மெஷின்லேர்ந்து கழட்டினது. கரண்டை அணை முதல்ல. ஓரத்தைப் பிடிச்சு உள்ள அழுத்து. ம். வயரை இந்தக் கார்டுக்கு மாத்து. டர்போ பட்டனைத் தட்டி கம்ப்யூட்டர் வேகத்தைக் குறைச்சுக்கோ, இல்லேன்னா சுரம் வர்ற வேகத்துக்கு இசைப்பெட்டி திணறும். இப்ப போடு.

— வருதுக்கா. அதே பாட்டு. இரு, சத்தத்தை முழுசா வைக்கிறேன். அப்பா. அப்பா, நான்தான். நம்ம கோட்டைப் பாட்டுப்பா.

— கத்தாத. பக்கத்து வீட்டுல எட்டிப் பார்க்கிறாங்க.

— திரும்பவே இல்லையேக்கா.

— நேத்து நீ லாட்ஜுக்குப் போனப்புறம் அப்பா கேட்டாரு, இந்த மெக்கானிக் இன்னும் எத்தனை நாள் வருவாருன்னு.

— மெக்கானிக்கா? நானா?

— தலை வழுக்கை, முகமெல்லாம் தாடி. உன்னை யாருன்னு கண்டாரு? மெக்கானிக்னு நான்தான் எழுதிக் காட்டினேன்.

— எழுதிக் காட்டினியா? ஏன், சொன்னா என்ன?

— அவருக்கு ரெண்டு காதும் போய் நாலு வருஷமாச்சு. மறந்துட்டாருன்னு நான் கோவத்துல சொன்னது, ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு தாள் எடுத்து, நீ யாருன்னு பெருசா எழுதிக் காட்டு.