எழுத்துத் துணை அறை எதற்கு?

அவைக்குத் தலைமையும் இந்தக் கல்லூரிக்குத் துணையுமாக வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய லட்சுமிநாராயணன் அவர்களே, பாடத்தோடு பரிவையும் சேர்த்துப் புகட்டும் முதல்வர் வெங்கடலட்சுமி அம்மையார் அவர்களே, நெல்லுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு, மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, மகன் படிக்கும் இடத்தைப் பார்க்க வந்திருக்கும் பெரியோர்களே, பந்தலின் வலப்பக்கம் நிறைந்து, நான் எப்போது முடிப்பேன் என்று பொறுமையோடு பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, எழுதியதைக் காட்டக் கூசும் மாணவ மாணவியரே, கோவையிலிருந்து வந்திருக்கும் என் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியது.

நாடாவை வெட்டியாகிவிட்டது. அறையைத் திறந்தாகிவிட்டது. இனி வாழ்த்திவிட்டு உட்கார்ந்தால் கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம். ஆனால் மனம் ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது. காலையில் பஸ் ஏறியதிலிருந்து ஒரே கேள்வி என்னைக் குடைந்துகொண்டு வருகிறது. இந்த அறை எதற்கு? பந்து பயில மைதானம் உண்டு, பாட்டுப் பயில மன்றம் உண்டு, எழுதப் பயில ஓர் இடம் வேண்டாமா என்று அழைப்பிதழில் கேட்டிருக்கிறீர்கள். அழகான கேள்விதான். அழகாகக் கேட்கப்படும் கேள்விகளை நான் அவ்வளவு எளிதில் நம்புவதில்லை.

தாய்மொழியில் எழுதுவதற்குமா துணை? முன்வரிசையில் பெரியவர் ஒருவர் தலையை ஆட்டுகிறார். ஆமாங்க ஐயா, கோவையில் எங்கள் பெண்கள் கல்லூரியில் இதைத் தொடங்கியபோது நானும் அப்படித்தான் தலையை ஆட்டினேன். பட்டப்படிப்பைத் தமிழிலேயே படிக்கலாம் என்று வந்த புதிது அது. பேசத் தெரிந்த பிள்ளைகள், சிந்திக்கத் தெரிந்த பிள்ளைகள், வெள்ளைத் தாளைக் கண்டதும் விறைத்துப்போனார்கள். அதனால் நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை ஒதுக்கினோம். மாணவி தான் எழுதியதைக் கொண்டுவந்து படிப்பாள். ஓர் ஆசிரியரோ மூத்த மாணவியோ பக்கத்தில் அமர்ந்து கேட்பார். எங்கே விளங்கவில்லை என்பதைச் சொல்வார். திருத்துவதும் எழுதுவதும் அவள் பாடு. திட்டம் இவ்வளவுதான். இந்தச் சின்னத் திட்டம் எப்படிச் சீர்கெட்டது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கிணத்துக்கடவிலிருந்து பூவாத்தாள் என்றொரு மாணவி வந்தாள். தென்னந்தோப்புக் குடும்பம். பொருளாதாரப் பேராசிரியர் அரங்கசாமி, ‘என் ஊரில் நான் கண்ட மாற்றம்’ என்று எழுதச் சொல்லியிருந்தார். பூவாத்தாள் நேராக எழுதினாள். என் தந்தை கிணற்றை ஆழமாக வெட்டி, மின்சார மோட்டார் வைத்தார். அதன்பின் பக்கத்துத் தோட்டத்துப் பொங்கியண்ணனின் கிணறு வற்றிவிட்டது. அவருடைய தென்னைகள் தலை தொங்கிவிட்டன. இதுதான் அவள் எழுதியது.

அதை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தாள். முதல் நாள் ஆங்கில ஆசிரியை இருந்தார். “பெற்ற தகப்பனைப் பற்றி இப்படி எழுதலாமா?” என்றார். பூவாத்தாள், “சரீங்க” என்றாள். கட்டுரையிலிருந்து தகப்பன் போனார். அடுத்த நாள் சரித்திர ஆசிரியை. “மோட்டார் செய்கிற ஊரில் படித்துக்கொண்டு மோட்டாரைக் குறை சொல்வதா? தொழில்வளத்தைப் புகழ்ந்து தொடங்கு.” “சரீங்க.” பொங்கியண்ணன் போனார். பிறகு யாரோ, பாரத நாட்டைப் பற்றி ஒரு பத்தி இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றார்கள். அதற்கும் “சரீங்க.” கிணறு போயிற்று, தென்னை போயிற்று, தோப்பு போயிற்று. எஞ்சியவை அணைக்கட்டும் ஆலைப் புகையும் அடுக்குமொழியும்.

அவளைக் குறை சொல்வேனா? சொல்ல மாட்டேன். நம் மண்ணின் மரியாதை அப்படி. ‘முடியாது’ என்பதைக்கூட ‘பாக்கலாமுங்க’ என்று சொல்லி அனுப்புகிறவர்கள் நாம். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பந்தல்காரர் நேற்று உங்கள் முதல்வரிடமும் அதைத்தான் சொன்னாராம்.

பேராசிரியர் அரங்கசாமி கட்டுரையைப் படித்துவிட்டு அவளை அழைத்தார். “நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. யார் எழுதியது என்றுதான் தெரியவில்லை. திங்கள் மாலைக்குள் நீயே எழுதிய ஒன்று வரவேண்டும். வராவிட்டால் உன் பெயரைப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன்.” வீட்டிலோ, பரீட்சை நின்றால் படிப்பும் நின்றது என்று தகப்பனார் முன்னமே சொல்லியிருந்தார். துணை தேடி வந்தவளுக்கு எங்கள் துணை செய்த நன்மையைப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்தாள். அன்று அமர்ந்திருந்தவள் ஜன்னத், போத்தனூர் ரயில்வே குடியிருப்பிலிருந்து வரும் மூத்த மாணவி. கொஞ்சம் வாய்த்துடுக்கு. நான் அடுத்த மேசையில் இருந்தேன்.

“என்ன எழுதப்போற பூவு?”

“நீங்க சொல்லுங்கக்கா, எழுதிப்போடறேன்.”

“அப்ப எழுதிக்க. கிணத்துல தண்ணி மேல இருந்து கீழ ஊறுது.”

“சரீங்க.”

“அடிப்பாவி, நெசமாவே எழுதறியே. சரி, இதையும் எழுது. பொங்கியண்ணன் சோம்பேறி. கிணத்தைக் கவனிக்காம விட்டுட்டாரு. அதான் வத்திப்போச்சு.”

பேனா நின்றது.

“இல்லீங்க.”

“என்ன இல்லீங்க?”

“அவரு சோம்பேறி இல்லீங்க. கெணத்துல தண்ணி இருந்த வரைக்கும் எங்கப்பாவுக்கு முன்னாடி எந்திரிச்சு மாடு பூட்டுவாருங்க. நீங்க சொல்றதை நான் எழுத மாட்டனுங்க.”

“எழுதாத. இப்ப நீ சொன்ன பாரு, அதை எழுது.”

அவையோரே, எத்தனையோ சொற்பொழிவுகள் கேட்டிருக்கிறேன். எந்தச் சொல்லும் என்னை இப்படி நிமிர்ந்து உட்கார வைத்ததில்லை. அந்த அறையில் அதுவரை யாரும் எங்களை மறுத்துப் பேசியதில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எழுதினாள். ஆனால் ஒளித்து எழுத அவளுக்கு மனமில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போய்த் தகப்பனிடமே சொன்னாள். அப்பன் கெணத்தைப் பத்தி ஊருக்கெல்லாம் எழுதிப்போடறதுக்கா காலேசு என்று அவர் சத்தம் போட்டாராம். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மகளோடு அவரும் வந்து இறங்கினார். காளிச்சாமி என்பது அவர் பெயர். மகளைத் திருப்பி அழைத்துப்போக வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். கோபம் முகத்தில் இருந்தது. பேச்சில் மரியாதை குறையவில்லை.

“ஏனுங்க, இங்கதான் எழுதிக் குடுக்கறீங்களா?”

ஜன்னத் எழுந்து நின்றாள். “எழுதிக் குடுக்கறது இல்லீங்க. படிக்கறதைக் கேட்டுட்டு உக்காந்திருப்போம்.”

“கேட்டுட்டு உக்காந்திருக்கறதுக்கு ஒரு ரூமா?”

“ஆமாங்க. நீங்களும் உக்காருங்க.”

உட்கார்ந்தார். மகள் படித்தாள். ஒரு வரியையும் விடவில்லை. பாதியிலேயே அவர் கையை உயர்த்தினார்.

“தப்பு கண்ணு. நான் மோட்டார் வெக்கறதுக்கு முந்தின கோடையிலயே அவன் கெணத்துல சேறுதான்.”

“இல்லீங்கப்பா. அந்தக் கோடையில நம்ம மாடு அவங்க தொட்டியிலதான் தண்ணி குடிச்சுது. நான்தான் புடிச்சுட்டுப் போனேன்.”

“அது ஒரு நாளு.”

“இல்லீங்கப்பா. கோடை முச்சூடும்.”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெளியே போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை.

“சரி. அதுக்கப்புறம் மழை பொய்ச்சுது. அதை எழுதுனியா?”

“எழுதலீங்க.”

“கெணத்தை நான் எறக்கலைன்னா என்ற தென்னையும் போயிருக்கும். அதை எழுதுனியா?”

“அதையும் எழுதலீங்க.”

“அப்ப எழுது. நான் சொன்னதுன்னே எழுது அம்மணி. உன்னோடது உன்ற பேர்ல, என்னோடது என்ற பேர்ல.”

எழுதினாள். தன் கருத்தில் ஒரு சொல்லையும் குறைக்காமல், தந்தையின் கருத்தில் ஒரு சொல்லையும் திரிக்காமல் எழுதினாள். ஜன்னத் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். மாலைக்குள் பேராசிரியர் கைக்குப் போனது. அவர் தாழ்வாரத்தில் நின்றபடியே படித்து முடித்து, பூவாத்தாளின் பெயரைப் பரீட்சைக்கு அனுப்பினார். காளிச்சாமி மகளை விடுதியிலேயே விட்டுவிட்டு, தனியாகக் கிணத்துக்கடவு பஸ் ஏறினார்.

பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார், பொண்ணு பாஸ் ஆச்சுங்களா என்று. பரீட்சை எழுதிவிட்டாள், முடிவு இன்னும் வரவில்லை. மோட்டார் நின்றதா என்கிறீர்கள். நிற்கவில்லை. இன்றும் ஓடுகிறது. பொங்கியண்ணனின் கிணறு இன்றும் வறண்டுதான் கிடக்கிறது. ஒரு கட்டுரை பாறையில் ஊற்றெடுக்க வைக்கும் என்று சொல்லி உங்களிடம் கைதட்டல் வாங்க நான் வரவில்லை.

அப்படியானால் என்னதான் பயன்? ஊரே அறிந்து, ஒருவரும் பேசாமல் இருந்த ஒன்றைத் தகப்பனும் மகளும் ஒரு மேசையின் இருபுறம் அமர்ந்து பேசினார்கள். இருவரும் இணங்கவில்லை, ஆனால் இருவரும் எழுந்து போகவுமில்லை. இது சிறிய காரியமா? சட்டமன்றங்களிலேயே அரிய காரியம்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையின் தாளில் உங்கள் பேனா இறங்கும்போது, பிழை போகிறதா, பிள்ளையே போய்விடுகிறாளா என்று பாருங்கள். அவள் உடனே இசைந்தால் மகிழாதீர்கள், ஐயப்படுங்கள். பெற்றோரே, உங்களை எச்சரிக்கிறேன். எழுதத் தெரிந்த பிள்ளை எதிர்த்துக் கேட்கும். கணக்குக் கேட்கும், காரணம் கேட்கும், உங்கள் கிணற்றையும் எட்டிப் பார்க்கும். அதற்கு நீங்கள் ஆயத்தமா? ஆயத்தமில்லை என்றால் அறையை நாளைக்கே பூட்டிவிடுங்கள். அங்கே நெல் மூட்டையாவது அடுக்கலாம், அதற்காவது பயன்படும். மாணவ மாணவியரே, மறுப்பதற்கு மரியாதையை விடவேண்டியதில்லை. மரியாதையோடே மறுக்கலாம். மறுத்த பிறகு, உங்களை மறுப்பவருக்கும் உங்கள் தாளில் இடம் விடுங்கள். நான் அறிந்த எழுத்துப் பயிற்சி இவ்வளவுதான்.

என் படபடப்பைப் பொறுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், கேள்வியோடு வந்த அன்பர்களுக்கும், காத்திருந்த தாய்மார்களுக்கும் நன்றி. பஸ் வரும்வரை மேடைக்குக் கீழேதான் நிற்பேன். நான் பேசியதில் எது தவறென்று தோன்றினாலும் வந்து சொல்லிவிட்டுப் போங்கள். வணக்கம்.