பக்கத்து அறைக்காரர் எனக்குத் தராத மொட்டு

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் முதல்வர் அவர்களே, மேடையில் இடம் கிடைத்த பெருமக்களே, இடம் கிடைக்காமல் முதல் வரிசையில் இருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் துறைத்தலைவர்களே, மறைந்த பேராசிரியரின் துணைவியார், எங்கள் எல்லோருக்கும் அண்ணியான அண்ணி அவர்களே, சுவரோரம் நிற்கும் பழைய மாணவர்களே, புதிய மாணவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

கூட்டத்தைப் பார்க்கிறேன். நாற்காலி போதவில்லை. தேர்வுக்கூடத்துப் பெஞ்சுகளைத் தூக்கி வந்து போட்டிருக்கிறார்கள், அதுவும் போதவில்லை. மாடிப்படியில்கூட ஆள் உட்கார்ந்திருக்கிறது. மனதில் இருப்பதைச் சொல்லட்டுமா? வயிறு எரிகிறது! நான் போனால் இதில் பாதி வருமா? கால்வாசியாவது வருமா? என் துறையே முழுசாக வராது. வருகிறவர்களும் மாலையில் கூட்டம் என்றால் முதல் மணியிலேயே விடுமுறை விடுவார்களா என்று கேட்டுவிட்டுத்தான் வருவார்கள்.

விலங்கியல் பேராசிரியர், ஆய்வகத் தந்தை, மாணவர் மனம் கவர்ந்த ஹைட்ரா ஐயா! ஆம், அப்படித்தான் எல்லோரும் கூப்பிட்டோம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் பயன்பட்டது. நான் தாவரவியல். அவருக்கும் எனக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். மாணவர்கள் அவருக்கு ஹைட்ரா என்று பட்டம் கொடுத்தார்கள்; எனக்குப் பாசி என்று கொடுத்தார்கள். அவருடைய பட்டத்தில் ஒரு கம்பீரம் இருக்கிறது. என்னுடையதைக் கேட்டால் வழுக்கி விழத் தோன்றுகிறது. பொறாமைக்கு இந்த ஒன்றே போதாதா?

அமீபாவுக்கு இரங்கல் கூட்டம் கிடையாது என்பார் ஹைட்ரா ஐயா. முதல் வகுப்பே இந்த வாக்கியத்தில்தான் தொடங்கும். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். "ஏன் கிடையாது? பொணமே கிடையாதுப்பா! ஒண்ணு இருந்துச்சு, ரெண்டாச்சு. பழசு எங்க போச்சு? எங்கயும் போகல. ரெண்டுலயும் இருக்கு. இதுல யாரு அம்மா, யாரு புள்ள? சொல்லு பாக்கலாம்!" வகுப்பு அதிரும். என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் காதைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். நான் கரும்பலகையில் பூஞ்சையின் வித்துகளை வரைந்துகொண்டிருப்பேன், தனியாக.

நம் பேராசிரியரும் அப்படி இரண்டாகப் பிரிந்திருந்தால் இன்று நாம் அழ வேண்டியிருக்காதே என்று எனக்கு முன்னால் பேசியவர் உருகினார். மன்னிக்க வேண்டும், அந்த யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒருவரையே என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு பேரா!

உயிரணு எப்படிப் பிரிகிறது என்பதை அவர் செருப்பை வைத்துச் சொல்லிக் கொடுத்தார். ஆய்வக வாசலில் பிள்ளைகள் கழற்றிவிட்ட செருப்புகளை எல்லாம் நடைபாதையில் கொட்டுவார். "இதான் உயிரணுவுக்குள்ள இருக்கிற நூலுங்க, குரோமோசோம். மொதல்ல கன்னாபின்னான்னு கெடக்கும். அப்புறம் ஒவ்வொண்ணும் தன்னை மாதிரியே ஒண்ணு செஞ்சு ஜோடியா நிக்கும். இப்ப நடுவுல வரிசையா வாங்க!" பிள்ளைகள் ஜோடி ஜோடியாக நடுவில் அடுக்குவார்கள். இரண்டு பக்கமும் கயிறு கட்டி, இடது கால் செருப்பெல்லாம் அந்தப் பக்கம், வலது கால் செருப்பெல்லாம் இந்தப் பக்கம் என்று இழுப்பார்கள். நடுவில் ஒரு சாக்பீஸ் கோடு. ஒரே ஆரவாரம்.

நான் சும்மா இருப்பேனா? கதவைத் திறந்துகொண்டு போய், "இது தப்பு. நூல் பிரியும்போது ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும். இடது செருப்பும் வலது செருப்பும் எப்படி ஒண்ணாகும்?" என்று கேட்டேன். மொத்த நடைபாதையும் என்னைப் பார்த்தது. அவர் கோபப்பட்டாரா? படவில்லையே! பட்டிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி! "பாத்தீங்களா, பாசி ஐயா ஒரு தப்பைக் கண்டுபுடிச்சாரு. இவரு பக்கத்து ரூம்ல இருக்கிறதாலதான் நான் தைரியமா பாடம் எடுக்கிறேன்" என்றார். கைதட்டல். யாருக்கு? அவருக்கு!

வெங்காயத்தின் வேர்நுனியை வெட்டிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் காட்டுவது தாவரவியலின் பிறப்புரிமை. வெங்காயம் எங்கள் சொத்து. அதையும் என் அலமாரியிலிருந்து எடுத்துப் போய்த்தான் காட்டினார். பிள்ளைகள் என்னிடம் வந்து, "ஐயா, ஹைட்ரா ஐயா காட்டினப்ப நல்லா தெரிஞ்சுதுங்க" என்றார்கள். அதே வெங்காயம்! அதே நுண்ணோக்கி!

இப்போது அவர் மேசையில் இருந்த கண்ணாடித் தொட்டிக்கு வருகிறேன். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கல்லூரிக்குப் பின்னால் இருந்த குட்டையில் ஒரே ஒரு ஹைட்ராவை, அந்தக் குட்டி நீர்ப்பிராணியை, பிடித்து வந்து அதில் விட்டார். கிழிந்த நூல் துண்டு மாதிரி இருக்கும்; தலையில் நாலைந்து மயிரிழைக் கைகள். வயிறு நிறைந்தால் விலாவில் ஒரு பரு கிளம்பும். அந்த இடத்தில் உயிரணுக்கள் பிரிந்து பிரிந்து பெருக, பரு மொட்டாகும். மொட்டுக்குக் கை முளைக்கும், வாய் திறக்கும், ஒருநாள் தாயை விட்டுக் கழன்று தன் வழியே போய்விடும். தந்தை கிடையாது, கல்யாணம் கிடையாது, சம்பந்தி சண்டை கிடையாது. அந்தத் தொட்டியில் இருந்த அத்தனையும் அந்த முதல் ஹைட்ராவேதான்.

பட்டினியும் குளிரும் வந்தால்தான் ஹைட்ரா முட்டையும் விந்தும் உண்டாக்கும் என்று பாடத்தில் வரும். அதை அவர் பாடத்தோடு விட்டாரா? என் கல்யாண வரவேற்பில், ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "வயிறு நெறஞ்ச ஹைட்ரா தனியாவே காலத்தை ஓட்டிடும். கஷ்டகாலம் வந்தாத்தான் துணை தேடும். நம்ம பாசி எப்ப பொண்ணு பாக்க ஆரம்பிச்சாரு தெரியுமா? ஹாஸ்டல் மெஸ்ஸை இழுத்து மூடினதுக்கு அப்புறம்!" என்றார். மாமனார் சிரித்தார். மாமியார் சிரித்தார். மணப்பெண் இன்றைக்கும் சிரிக்கிறாள். மூன்றாவது வரிசையில் பாருங்கள், கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருப்பவள்தான்.

அந்தத் தொட்டியை வைத்து அவர் ஒரு வழக்கம் உண்டாக்கினார். இந்தக் கல்லூரியை விட்டு யார் போனாலும், ஓய்வு பெற்றாலும், மாற்றலாகிப் போனாலும், ஒரு சின்னப் பாட்டிலில் ஒரு மொட்டுடன் கூடிய ஹைட்ராவைக் கையில் கொடுத்து அனுப்புவார். சால்வையை மறப்பார்கள், பாராட்டுப் பத்திரத்தைத் தொலைப்பார்கள், அந்தப் பாட்டிலை மட்டும் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவார்கள். போட்டிக்கு நானும் இறங்கினேன். கட்டிப்போட்டால் குட்டிபோடும் செடி தெரியுமல்லவா? இலையைக் கிள்ளிக் கீழே போட்டால் போதும், ஓரமெல்லாம் குட்டி முளைக்கும். நான் தொட்டி தொட்டியாக வளர்த்து எல்லோருக்கும் நீட்டினேன். "ஐயோ, வேண்டாம் ஐயா, போன வருஷம் குடுத்ததே வீடு பூரா பரவிடுச்சு" என்று ஓடினார்கள். அவர் கொடுத்தால் பாக்கியம், நான் கொடுத்தால் தொல்லை!

எனக்கு மட்டும் அவர் அந்தப் பாட்டிலைத் தரவே இல்லை. ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "போகும்போது தரேன்யா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். நானோ போகிறவனாக இல்லை. கிடைத்த மாற்றலையெல்லாம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன். அந்த நூல் துண்டின் மேல் எனக்கு அப்படி ஒரு ஏக்கம்! வெளியே சொல்ல முடியுமா? நான் தாவரவியல்காரன்!

இனி இந்த வாரம் நடந்ததற்கு வருகிறேன். மேடையில் அவர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி இருக்கிறதே, பார்த்தீர்களா? அவருடைய தொட்டிதான். பளபளவென்று மின்னுகிறது. உள்ளே இரண்டு சிவப்பு மீன் நீந்துகின்றன. யாராவது யோசித்தீர்களா, ஹைட்ரா எங்கே என்று?

படத்துக்குப் பக்கத்தில் தொட்டியை வைக்க வேண்டும் என்பது நல்ல எண்ணம். எங்கள் அலுவலக மேலாளருடைய எண்ணம். அவர் போய்ப் பார்த்திருக்கிறார். பாசி பிடித்த தொட்டி, கலங்கல் தண்ணீர், கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. காலியாகக் கிடக்கிறது என்று நினைத்து, ஆளை விட்டுச் சோப்புப் போட்டுத் தேய்த்து, சுத்தமான குடிநீர் நிரப்பி, வெறுமையாக இருக்கிறதே என்று இரண்டு மீனும் வாங்கி விட்டார். நான் போய் நின்றபோது பெருமையாகக் கேட்டார்: "எப்படி சார் இருக்கு? ஐயா பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாருல்ல?"

முறைக்காதீர்கள் மேலாளரே, உங்கள் மேல் வருத்தமில்லை. அன்பினால் செய்தீர்கள். ஆனால் அந்த நிமிடத்தில்தான் எனக்கு ஹைட்ரா ஐயா இறந்தார். மருத்துவமனையில் இறந்ததாகச் சொன்னபோது நான் நம்பவில்லை.

உடனே போனை எடுத்தேன். மொட்டு வாங்கிக்கொண்டு போன அத்தனை பேரும் இருக்கிறார்களே! யாரிடமாவது ஒன்று உயிரோடு இருக்காதா? பழைய முதல்வர் சொன்னார்: "அதுவா? அழுக்குத் தண்ணின்னு மருமக சிங்க்ல ஊத்திட்டா." இயற்பியல் பேராசிரியர் சொன்னார்: "தினம் ரொட்டித்துண்டு போட்டேனே, அப்படியும் செத்துப்போச்சு." உயிருள்ள நீர்ப்பூச்சி தின்னும் பிராணிக்கு ரொட்டி! தட்டச்சு அம்மா, குளிருமே என்று வெயிலில் வைத்துக் கஞ்சியாக்கியிருக்கிறார். ஒவ்வொருவரும் கொன்ற விதத்தைக் கேட்கக் கேட்க, எனக்குள்ளே ஒரு குட்டிச் சந்தோஷம். ஆகா, இவர்களுக்குக் கொடுத்தீர்களே, எனக்குக் கொடுத்திருக்கலாமே! போகப் போக அந்தச் சந்தோஷம் வற்றியது. கடைசி எண்ணையும் அழைத்து முடித்துப் போனைக் கவிழ்த்து வைத்தேன். எல்லாம் போய்விட்டது. குட்டையையும் மூடி வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் புலம்பினேன். என் மனைவி பருப்பைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "சமையலறை ஜன்னல்ல பச்சை மூடி போட்ட பாட்டில் ஒண்ணு இருக்கே, பாத்திருக்கீங்களா?"

"உன் கண்ணுமருந்து ஏதோ..."

"கண்ணுமருந்தை யாராவது குட்டிக் காபி பாட்டில்ல வைப்பாங்களா? நான் லைப்ரரில இருந்து வேலையை விட்டப்ப ஹைட்ரா அண்ணன் குடுத்தது."

நூலகராக இருந்தவள் என் மனைவி என்பது உங்களுக்குத் தெரியும். நானும் மறக்கவில்லை, அவளும் கல்லூரியை விட்டுப் போனவள் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. இத்தனை வருடமாக என் வீட்டில், என் காபிக் கோப்பைக்கு ஒரு சாண் தள்ளி, அது மொட்டு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது!

"அதுக்குத் தீனி?"

"நீங்க மாலை வகுப்புக்குப் போயிடுவீங்கல்ல, அப்ப அண்ணனும் அண்ணியும் வந்து நீர்ப்பூச்சி குடுத்துட்டுப் போவாங்க."

கேட்டீர்களா? நான் இல்லாத நேரம் பார்த்து என் வீட்டுக்கு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் காபியைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்! அண்ணி, நீங்களும் உடந்தை! சிரிக்காதீர்கள். இதற்கு மேலும் ஒரு மனிதனால் பொறாமைப்பட முடியுமா?

"என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று கத்தினேன்.

"அண்ணன்தான் சொல்லாதேன்னாரு. நான் கேட்டேனே, 'அவருக்கும் ஒண்ணு குடுத்துடுங்களேன் அண்ணா, பாவம், ஏங்கிப் போறாரு'ன்னு. அதுக்கு அண்ணன் என்ன சொன்னாரு தெரியுமா? 'போறவங்களுக்குக் குடுக்கிறதும்மா அது. அவன் போகக் கூடாது. அவன் போயிட்டா பக்கத்து ரூம்ல இருந்து எனக்கு யாரு தப்பு கண்டுபுடிப்பா?'ன்னாரு."

பருப்பு ஆறிப்போயிற்று. நான் எழுந்து போய் ஜன்னலருகே நின்றேன்.

பெருமக்களே! அந்தப் பாட்டிலை இன்று கொண்டு வந்திருக்கிறேன். இதோ, என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. பின்வரிசைக்குத் தெரியாது, முன்வரிசைக்கும் தெரியாது. என் வார்த்தையை நம்புங்கள். நூல் துண்டு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் விலாவில் ஒரு பரு. பருவுக்குக் கை முளைக்கத் தொடங்கியிருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் இந்த மீன்கள் இரண்டும் அலுவலக மேலாளர் வீட்டுக்குப் போகும், அவர் வளர்க்கட்டும். தொட்டியில் நான் கொண்டு வந்திருக்கும் ஏரித் தண்ணீர் நிறையும். தொட்டி அவருடைய அறையிலேயே, அவருடைய மேசையிலேயே இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்துக்கொள்ள எனக்குக் கால் இருக்கிறது. இனி உயிரணு வகுப்பில் செருப்பைக் கொட்டப்போகிற இளம் பேராசிரியரே, எச்சரிக்கிறேன்: இடது செருப்பும் வலது செருப்பும் ஒன்றல்ல. நான் கதவைத் திறந்துகொண்டு வருவேன்.

இந்தக் கல்லூரியை விட்டுப் போகும் ஒவ்வொருவர் கையிலும் அந்தப் பாட்டிலைக் கொடுத்து அனுப்புவேன் என்று ஹைட்ரா ஐயாவின் படத்துக்கு முன்னால், அண்ணிக்கு முன்னால் உறுதி கூறுகிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் தருவேன். ரொட்டி போட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் இயற்பியல் பேராசிரியருக்கும் தருவேன்.

எனக்கு மட்டும் யாரும் தர வேண்டாம். நான் போவதாக இல்லை.