ஹெலனின் கனடா

அமெரிக்காவின் ஆல்பனி அல்ல, இந்தத் தென்கோடித் தீவு நாட்டில் இருக்கும் ஆல்பனி. அங்கே போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒரே ஆபீஸ் போலிருந்தது. இளையவர் தமிழ்நாடு, மூத்தவர் யாழ்ப்பாணம். எனக்குத் தமிழ் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நம்ம ஹெலன் கனடாவே இல்லையாம். அமெரிக்காவாம். இவ்வளவு நாளா பொய் சொல்லிருக்கா."

"எனக்குத் தெரியும். என்னட்டச் சொன்னவ."

"எதுக்குக்கா பொய்?"

"அமெரிக்கா எண்டு சொன்னவுடன சனம் சண்டைக்கு வருதாம். உங்கட ஆக்கள் ஏன் இப்பிடிச் செய்யினம் எண்டு டாக்ஸிக்காரனும் கேக்கிறானாம். அவ அங்க இப்ப ஆளுற கட்சிக்கு வோட்டே போடேல்லை."

"லஞ்ச்ல நானே எவ்வளவு பேசிருக்கேன். அந்த நாட்டு ஜனங்களே அப்படித்தான்னு. அவளும் கூடவே சிரிச்சா."

"ஓம். சிரிச்சவதான்."

"இருந்தாலும் சொந்த ஊரையா மறைக்கிறது? நான்னா மறைக்க மாட்டேன்."

பஸ் பாலத்தில் ஏறியது. கீழே கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மூத்தவர் அதைப் பார்த்தபடி சொன்னார்.

"கொழும்பில நான் வேலைக்குப் போன காலம், எங்கயாவது குண்டு வெடிச்சால், அடுத்த நாள் பொட்டை அழிச்சுப்போட்டுத்தான் பஸ் ஏறுவன். நான் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லை. ஆனா தமிழோ எண்டு பாக்க எல்லாரும் என்ர நெத்தியைத்தான் பாப்பினம்."

இளையவர் இறங்கும் இடம் நெருங்கியபோது கேட்டார்.

"இப்ப அவகிட்ட நான் என்னக்கா சொல்றது?"

"ஒண்டும் சொல்லாதையும். கனடாவில இப்ப குளிரோ எண்டு கேளும்."