ஒட்டிய பக்கங்கள்

கடையில் விற்கும் பசையைவிடக் கோதுமை மாவில் காய்ச்சும் பசையே காகிதத்துக்கு உகந்தது. கறை விடாது, பிரித்தால் மெல்லிய ஓசையோடு விட்டுக்கொடுக்கும், பிரித்த தடமும் தாளில் நிற்கும். மிச்சிகனின் வடகோடியில், சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகள் மொழிப்பாடம் நடத்தியவன் நான். மாணவர்கள் வாங்கிச் செல்லும் நூலில் இரண்டு தாள்களை முன்கூட்டியே ஒட்டி வைப்பது என் வழக்கம். வாசித்துவிட்டதாகச் சொல்லி, ஒட்டியபடியே திருப்பித் தந்தவனைக் குனியவைத்துப் பலகையால் அடிப்பேன். ஒரு பையனின் மணிக்கட்டு முறிந்தது. அடி விழும் நேரத்தில் அவன் கையைப் பின்னால் கொண்டுவந்தான், தவறு அவனுடையது.

இதை எழுதித் தரும்படி கேட்டவர் எங்கள் வட்டாரக் காவல் அதிகாரி, துணை ஷெரிப் காங்காஸ். அவரும் என் மாணவர்தான். "அவசரமில்ல ட்ரெகியர் சார், உங்களுக்குப் பிடிச்ச மாதிரியே எழுதுங்க" என்று சொல்லி, காப்பியையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே முறைப்படி சொல்கிறேன்.

ஓய்வு பெற்றபின் பல ஆண்டுகள் உழைத்து ஒரு நாவல் எழுதினேன். என் வாழ்நாளில் நான் விட்டுச்செல்லத் தகுந்த பொருள் அது ஒன்றே. பதிப்பகங்கள் மறுமொழிகூட அனுப்பவில்லை. சொந்தச் செலவில் அச்சிட்டேன். ஊர் நூலகத்துக்கு ஒரு பிரதியை எடுத்துச் சென்றபோது நூலகர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"பின்னட்டை காலியா இருக்கே சார். நல்ல எடத்துல ஒரு விமர்சனம் வந்திருந்தா வாங்கிடுவோம். இல்லன்னா எங்க கமிட்டி தொடாது."

கடைகளிலும் இதே விடைதான். தானே வெளியிட்டவனின் நூலைப் பெரிய பத்திரிகைகள் உறை பிரித்தும் பார்ப்பதில்லை. விமர்சனம் இல்லாததால் நூலை எவரும் வாங்கவில்லை. எவரும் வாங்காததால் விமர்சனம் வரவில்லை. பெட்டிகள் கார் நிறுத்தும் கொட்டகையில் கூரைவரை அடுக்கியபடி கிடந்தன.

சிகாகோவில் ஒரு நிறுவனம், கட்டணம் பெற்றுக்கொண்டு தொழில்முறை விமர்சகர் ஒருவரிடம் நூலைக் கொடுத்து எழுதி வாங்கித் தருகிறது. எழுதியவர் பெயரை வெளியிடமாட்டார்கள். பாராட்டுக்கு உறுதி தரமாட்டார்கள்; பிடிக்காவிட்டால் வெளியிடாமல் விட்டுவிடலாம். கணினிப் பிரதி ஒன்றும் அச்சுப் பிரதி ஒன்றும் கேட்டார்கள். இரண்டையும் அனுப்பினேன். அச்சுப் பிரதியில், இறுதிக்கு முந்தைய அதிகாரத்தில், இரண்டு தாள்களை ஒட்டினேன். பழக்கம் விடுமா?

பனிக்காலத் தொடக்கத்தில் விமர்சனம் வந்தது. அதன் சாரமான வரிகள் இவை: "ஆசிரியருக்கு மொழி கைவந்திருக்கிறது, மனிதர்கள் கைவரவில்லை. கொலையாளி அடுப்புக் கம்பியால் ஒரே அடி அடிக்கிறான். எதிரி ஓசையின்றிச் சாய்கிறான். மனிதர்கள் அவ்வளவு எளிதில் சாவதில்லை."

ஹௌட்டனில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் பெர்னாடிடம் அதைக் காட்டினேன். அவர் கட்டைவிரலால் பிற்பாதியை மறைத்தார்.

"'ஆசிரியருக்கு மொழி கைவந்திருக்கிறது.' இதோட நிறுத்துங்க சார். மிச்சத்தக் கத்தரிச்சிட்டு அட்டையில போடுங்க. ஊருல எல்லா எழுத்தாளனும் இதத்தான் பண்றான்."

அரை வாக்கியம் முழுப் பொய் என்றேன்.

"அப்ப கொட்டகையிலயே கெடக்கட்டும். எலியாவது படிக்கும்."

அவர் சிரித்துக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால், புதிதாக வந்திறங்கிய பெட்டி ஒன்றில் என் நூலைக் கண்டேன். 'விற்பனைக்கு அன்று' என்று நான் முத்திரையிட்டு அனுப்பிய அதே பிரதி. யார் விற்றது என்று கேட்டேன்.

"நம்ம ஐலி நிஸ்கனென் அம்மாதான். ஏரிக்கரையில தனியா இருக்காங்களே. சிகாகோ கம்பெனிக்கு விமர்சனம் எழுதறாங்க. வர்ற புத்தகத்தயெல்லாம் இங்க தள்ளிடுவாங்க. பாதி புத்தகத்துக்கு முதுகுகூட மடங்கியிருக்காது."

என் நூலை நானே விலைகொடுத்து வாங்கிக் காரில் அமர்ந்து திறந்தேன். தாள்கள் ஒட்டியபடியே இருந்தன. எனக்குச் சினம் வரவில்லை. வாசிக்காமல் தீர்ப்பெழுதியவர் ஒருவர் இருந்தார்; அவர் வாசிக்க வேண்டும். அவ்வளவே.

நிஸ்கனென் அம்மையார் கதவைத் திறந்ததும், "உள்ள வாங்க சார், காது உறைஞ்சிடும்" என்றார். ஏலக்காய் ரொட்டியை அறுத்துவைத்துக் காப்பி ஊற்றினார். நான் நூலை மேசைமேல் வைத்தேன். அதைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார்.

"கோவமா வந்திருக்கீங்க. எழுதினவங்க திட்டுவாங்க, தெரியும். ஆனா போன்லதான் திட்டுவாங்க."

ஒட்டிய பக்கங்களைக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அச்சுப் பிரதிய நான் தொடறதே இல்ல சார். கண்ணு போச்சு. கம்ப்யூட்டர்ல எழுத்தப் பெருசாக்கித்தான் படிப்பேன். உங்க புத்தகத்த ரெண்டு தடவ படிச்சேன், தெரியுமா?"

இதைவிடத் திறமையான சாக்குகளை நான் வகுப்பில் கேட்டிருக்கிறேன். அவரை நாற்காலியோடு சேர்த்து அவருடைய கம்பளிச் சால்வையாலேயே கட்டி, முதற்பக்கத்திலிருந்து உரக்க வாசிக்கும்படி பணித்தேன். முதல் பத்தியிலேயே தடுமாறினார். எழுத்துத் தெரியவில்லை என்றார். விறகடுப்பின் அருகே தொங்கிய கம்பியை எடுத்து, மேசைமேலிருந்த அவர் விரல்களில் அடித்தேன். எலும்பு விட்டுக்கொடுத்த ஓசை, பசை பிரியும் ஓசையை ஒத்திருந்தது. மறுபடி வாசிக்கச் சொன்னேன். வாசிப்பு சீர்படவில்லை, மற்றக் கையிலும் அடித்தேன்.

"வேணாம் சார். வேற விமர்சனம் எழுதித் தர்றேன். நல்லதா எழுதறேன். என்ன வேணுமோ நீங்களே சொல்லுங்க."

இந்தச் சொற்களே என்னை முடிவுக்குக் கொண்டுவந்தன. அச்சத்தால் பாராட்டத் துணிந்தவரின் கண்டனத்துக்கு மட்டும் என்ன மதிப்பு? காதுக்குப் பின்னால் அடித்தேன். நாற்காலியோடு சாய்ந்தார்; இறக்கவில்லை. சால்வை நெகிழ்ந்தது. முறிந்த விரல்களைத் தரையில் ஊன்றிக் கதவை நோக்கி நகர்ந்தார். பின்லாந்து மொழியில் ஏதோ அழைத்தார், தாயை என்று நினைக்கிறேன். பின்தொடர்ந்து நடந்தபடி அடிக்க வேண்டியிருந்தது. எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. கை வலித்தபோது மூச்சு வாங்க ஒருமுறை நின்றேன். அந்த இடைவெளியிலும் அவர் நகர்ந்தார். வாசற்படியருகே அடங்கினார். கம்பியைக் கழுவி இருந்த இடத்திலேயே மாட்டினேன். பிறர் பொருளைப் பயன்படுத்தினால் அதுதான் முறை.

நியாயத்துக்காக ஒன்றைப் பதிவு செய்கிறேன். மனிதர்கள் எளிதில் சாவதில்லை என்று அவர் எழுதியது சரி. நேர்மையானவன் திருத்தத்தை ஏற்பான். வீடு திரும்பிக் கைகளைக் கழுவிக்கொண்டு, நாவலின் கொலைக்காட்சியை முழுவதும் மாற்றி எழுதினேன். இரண்டாம் பதிப்பில் அது சிறப்பாக அமையும்.

இதுவரை எழுதியதைக் காங்காஸ் நின்றபடியே வாசித்தார். பிறகு, அம்மையாரின் மேசையில் நான் விட்டுவந்து, இப்போது ஞெகிழிப் பையிலிருந்த என் நூலை எடுத்து வந்தார்.

"சார், ஒரே அடியில சாகிறானே, அந்தக் காட்சி எந்த எடத்துல வருது?"

இறுதிக்கு முந்தைய அதிகாரத்தில் என்றேன்.

"நீங்க ஒட்டின பக்கத்துக்கு உள்ளயா?"

ஆம் என்றேன்.

"அப்ப படிக்காமலா சார் அந்தம்மா அத எழுதினாங்க?"

அவர் இடக்கையால் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றார். அது சிறிது கோணலாகவே கூடியிருக்கிறது. பள்ளியிலும் அவர் இப்படித்தான், விடை தெரிந்த கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்: அந்த அம்மையார் வாசித்திருந்தால் நான் ஏரிக்கரைக்குப் போயிருக்கமாட்டேன், நான் போனேன், ஆகவே அவர் வாசிக்கவில்லை.