தறிக்காரத் தெரு ஸ்டாப்

வள்ளியம்மாள்: பல் விளக்கினியா?

கௌதமன்: ஆங். குளிச்சிட்டேன், காபி குடிச்சிட்டேன், சட்டை போட்டுகினேன். பஸ் ரூட்டு வரைபடம் பையில கீது. கிளம்பறேன் அத்தை.

வள்ளியம்மாள்: நில்லு. மருமகனானாலும் எங்கண்ணன் புள்ளடா நீ. அந்தப் படத்தை விரி.

கௌதமன்: திருத்தணில மீட்டிங். புது மின்சார பஸ் எங்கெங்க நிக்கணும்னு இன்னிக்கு முடிவு பண்றாங்க.

வள்ளியம்மாள்: மின்சார பஸ்ஸா? சத்தம் வருமா?

கௌதமன்: துளிகூட வராது.

வள்ளியம்மாள்: நாசமாப் போச்சு. தறிச் சத்தத்துல இந்தத் தெருவுக்கே பாதிக் காது இல்ல. இப்ப வர்ற பஸ்ஸு ஆரன் அடிச்சாலே கேக்கல. உன் பஸ்ஸு பூனையாட்டம் வந்துட்டுப் பூடும்!

கௌதமன்: ஸ்டாப்புக்கு ஒரு விளக்கு வைக்கறோம். பஸ் கிட்ட வந்தா எரியும்.

வள்ளியம்மாள்: ம்... இன்ஜினியருதான். நம்ம தெருமுனை விளக்கு எங்க?

கௌதமன்: அது வந்து...

வள்ளியம்மாள்: எங்கடா?

கௌதமன்: அந்த ஸ்டாப் இல்ல. ரோடு குறுகல்னு ஆபீஸ்ல...

வள்ளியம்மாள்: இத்தினி வருஷமா அந்தக் குறுகல்லதானே பஸ்ஸு நிக்குது?

கௌதமன்: அடுத்த ஸ்டாப் பக்கந்தான். நடந்துடலாம்.

வள்ளியம்மாள்: சேலை மூட்டைய யாரு தலையில தூக்கறது? உன் கழுத்தைக் கழட்டிக் குடு, நடக்கறேன்.

கௌதமன்: நானே தூக்கறேன்.

வள்ளியம்மாள்: பக்கத்து வீட்டு தாயம்மாள் மூட்டையுமா? ரெண்டு தலை வேணும்டா உனக்கு... ஆபீஸ் இல்ல. நீதானே அந்த ஸ்டாப்பை எடுத்தே?

கௌதமன்: ...ஆங்.

வள்ளியம்மாள்: என் பொண்ணு கடைசியா பஸ் ஏறின எடம்னுதானே?

கௌதமன்: லேட்டாவுது அத்தை.

வள்ளியம்மாள்: உதயா கண்ணை மூடினதுலேருந்து நீ வயல் பக்கமா சுத்திகினு போறே. தெரியாதா எனக்கு?

கௌதமன்: நீங்க மட்டும்? தினம் காலைல அங்க போய் உக்காந்துகினு வரீங்க. கேட்டா கறிவேப்பிலைன்றீங்க. ஒரு இலை வந்ததில்ல வீட்டுக்கு.

வள்ளியம்மாள்: பாத்துட்டியா, திருடா!

கௌதமன்: பாத்தேன்.

வள்ளியம்மாள்: எனக்குப் போய் உக்கார அந்த ஒரு எடந்தான்டா. அதையும் அழிச்சிட்டா நான் எங்க போவேன்?

கௌதமன்: ...பேனா குடுங்க.

வள்ளியம்மாள்: இந்தா. அழுத்திப் போடு.

கௌதமன்: போட்டாச்சு. பெஞ்சு ஒண்ணும் சேத்துட்டேன். மீட்டிங்ல நான் பேசிக்கறேன்.

வள்ளியம்மாள்: பின்ன? சும்மாவா காலேஜுக்கு அனுப்பினோம்... கௌதமா.

கௌதமன்: சொல்லுங்க.

வள்ளியம்மாள்: ஜுரம்னு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினவ, ஏறினதுமே மயங்கிட்டா, ஒண்ணும் பேசலைன்னியே. நெசமா?

கௌதமன்: இல்ல. பேசினா.

வள்ளியம்மாள்: என்னைப் பாத்துக்கச் சொன்னாளா?

கௌதமன்: அதெல்லாம் இல்ல. எல்லாரும் பெருசா ஏதோ எதிர்பாத்தாங்க... சொல்லத் தோணல.

வள்ளியம்மாள்: புருஷனை பாவா பாவான்னு கூப்புடுவாளே, இன்னாதான்டா சொன்னா?

கௌதமன்: கம்பியப் புடிச்சுகினு முன்னாடி ஏறிட்டா. திரும்பிப் பாத்து சிரிச்சா... "பாவா, ஜன்னல் சீட்டு எனக்கு. நீ அந்த வெங்காய மூட்டைகிட்ட உக்காரு."