சுகுமாறன் மறைத்த சாண்ட்விச்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் திருச்செல்வம் அவர்களே, அனுபவத்தால் நரைத்த ஆன்றோர்களே, அடுப்படியையும் ஆலையையும் ஒருசேர ஆளும் அன்னையர்களே, யோங் பெங் வாழ் தமிழ் நெஞ்சங்களே, வணக்கம்.

சாண்ட்விச்சைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரியுங்கள், தடையில்லை. இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே ஒரு மனிதனின் மானம் நசுங்கிய கதை இது.

நம் சுகுமாறன், தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்து மேற்பார்வையாளர் ஆனவர். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். மூன்றாம் வரிசையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாரே, அவரேதான். அந்தப் பதவியில் அவர் போன முதல் கூட்டத்தில் மேலாளர்கள் சாண்ட்விச்சைக் கத்தியாலும் முள்கரண்டியாலும் வெட்டினார்கள். மேல்ரொட்டி வழுக்கியது, முட்டை ஓடியது, தக்காளி மடியில் விழுந்தது. ஆனாலும் ஒருவரும் கையால் தொடவில்லை. இது விருந்தா, அறுவைச் சிகிச்சையா?

சுகுமாறன் பேனா எடுக்கப் பையைத் திறந்தார். மனைவி ஷர்மினி கட்டிக் கொடுத்த, சார்டின் மீனும் மிளகாய்ச் சம்பாலும் வைத்த சாண்ட்விச்சின் மணம் அறையை நிறைத்தது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி, அது யாருடையது என்று கேட்டார். பதவி போய்விடுமோ என்று பயந்த சுகுமாறன், பக்கத்தில் இருந்த சக ஊழியர் மிஷேலைக் கைகாட்டிவிட்டார்.

அதிகாரியோ அதைக் கேட்டு வாங்கி, இரு கையாலும் பிடித்துக் கடித்து, விரலில் வழிந்த சம்பாலையும் சுவைத்தார். அந்தக் கணமே மேலாளர்களின் கத்திகள் மேசைக்கு இறங்கின. கொள்கை மாற எத்தனை நொடி, பார்த்தீர்களா? அடுத்த கூட்டத்துக்கு நாற்பது வேண்டும் என்று மிஷேலிடம் சொன்னார் அதிகாரி. மிஷேல் நடந்ததை நேராக ஷர்மினிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

ஷர்மினி கத்தவில்லை. "நான் செஞ்சதுன்னு சொல்ல அவ்வளவு வெக்கமாங்க?" என்று மட்டும் கேட்டார். பதினெட்டு ஆண்டுகள் இயந்திரச் சத்தம் கேட்டுப் பழகிய காது, அந்த மெல்லிய குரலைத் தாங்கவில்லை.

அடுத்த கூட்டத்தன்று இருவருமாக நாற்பதையும் செய்தார்கள். தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சுகுமாறன் நின்றபடியே சொன்னார்: "போன தடவ பொய் சொல்லிட்டேன் சார். மிஷேல் இல்ல, இது என் வைஃப் ஷர்மினி செஞ்சது. கையாலயே சாப்பிடலாம் லா."

பதவி போயிற்றா? இல்லை. அதிகாரி இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார். மிஷேல் மட்டும் மூன்று வாரம் சுகுமாறனோடு பேசவில்லை. அதுவும் நியாயம்தானே?

அன்புடையீர், நாகரிகம் கத்தியிலா இருக்கிறது? கரண்டியிலா இருக்கிறது? நமக்காகச் சமைத்தவரின் பெயரை நாலு பேர் நடுவே, நாக்குக் குழறாமல் சொல்லும் நேர்மையில் இருக்கிறது. அந்த நேர்மை இந்த மண்டபமெங்கும் மலரட்டும்.

பசியோடும் பண்போடும் செவிமடுத்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.